ஐந்தரையில் நின்ற முள்

போன வாரம் நிவேதா போனில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த கருவிப் பிரிவில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கிற பெண் அவள். "மேடம், ரொம்பச் சின்ன சர்க்யூட். ஒரு பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு டையோடு. அவ்வளவுதான். கம்ப்யூட்டர்ல போட்டா விடைக்கு வராம சுத்திக்கிட்டே இருக்கு. நீங்கள்லாம் கையாலயே போட்டீங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

தொடக்கத்தில் கொடுக்கிற எண்ணை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். நான் போட்டு வைத்திருந்த டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டதென்று மெசேஜ் வந்தது. அவளுக்கு வேலை முடிந்துவிட்டது. எனக்குத்தான் அன்று முழுவதும் வெட்டுக்கரை மதகு கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கதையை எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் ஒரத்தநாட்டுப் பக்கம் பண்ணையில் வேலை செய்தவர்கள். அப்பா ஏர் ஓட்டுவார், அம்மா நடவுக்கும் களைக்கும் போவார். கழக ஆட்சி வந்த புதிதில் எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதிகமானோம். அரசாங்க விடுதியும் உபகாரச் சம்பளமும் என்னைப் பாலிடெக்னிக் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தப் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு பாடம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

ரெசிஸ்டர் நாணயமானது. வோல்ட்டை இரண்டு மடங்காக்கினால் கரண்ட்டும் இரண்டு மடங்காகும். டையோடு அப்படி இல்லை. அதன் குறுக்கே எவ்வளவு வோல்ட் விழும் என்பது அதன் வழியே போகிற கரண்ட்டைப் பொறுத்தது. எவ்வளவு கரண்ட் போகும் என்பதோ, அதில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஒன்று தெரியாமல் இன்னொன்று தெரியாது. ஒரே வரியில் சமன்பாட்டைப் போட்டு விடை எடுக்க முடியாது. அதனால் முதலில் ஓர் எண்ணை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து கரண்ட்டைக் கணக்கிட வேண்டும். அந்தக் கரண்ட்டுக்கு டையோடில் எவ்வளவு விழும் என்று பார்த்து, முதல் எண்ணைத் திருத்த வேண்டும். திருத்திய எண்ணோடு மறுபடியும் போட வேண்டும். எண் அசையாமல் நின்றால் அதுதான் விடை. பரீட்சையில் இதற்கு மார்க் குறைவு, வேலை அதிகம். வகுப்பில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைத் தொடவே மாட்டார்கள். எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. தப்பான எண்ணில் தொடங்கினாலும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வேலை தஞ்சாவூரில் கிடைத்தது. ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் இருக்கிற நீர்மட்டக் கருவிகளைச் சரிபார்க்கிற சின்னப் பிரிவு. புது ஆற்றுக் கரையில் ஓட்டுக் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் ஓடுவது தெரியும். பக்கத்து அரிசி ஆலையிலிருந்து அவித்த நெல்லின் வாசனை வரும். அதோடு நாங்கள் பற்றவைக்கிற ஈயத்தின் புகையும் கலந்து ஒரு வாசனை உண்டு. இன்றைக்கும் எங்காவது புழுங்கல் நெல் அவித்தால் என் விரல் தானாக ஈயக் கம்பியைத் தேடும்.

எங்கள் பிரிவின் தலைமை யூசுப் சார். கூத்தாநல்லூர்க்காரர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கப்பலேறி வெளிநாடு போய்விட, இவர் ஒருவர்தான் அரசாங்க வேலையில் தங்கினார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவராக இருப்பார். வெள்ளை முழுக்கைச் சட்டை. மேஜையில் பிளேடால் சீவிய பென்சில்கள் முனை ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும். யாரையும் ஒருமையில் பேச மாட்டார், அதட்ட மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிற்பது பெரிய சோதனை. மெதுவாகப் படிப்பார். 'சுமார்' என்ற சொல் வந்தால் பென்சில் அங்கே நிற்கும்.

"சுமார்னா என்னங்க செல்வராணி?"

"கிட்டத்தட்ட சார்."

"கிட்டன்னா எவ்வளவு கிட்ட? எவ்வளவு தட்ட?"

சிரிக்காமல்தான் கேட்பார். நாங்கள் வெளியே வந்து சிரிப்போம். ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து வட்டலப்பம் வரும்போது, "சார், சுமாரா இருக்கு" என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கும். யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வயல்களில் நிம்மதி இல்லை. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் பதிந்தவர்களை வயலை விட்டு எழுப்ப நிலக்காரர்கள் காரணம் தேடினார்கள். வரப்பில் கொடி நடுவதும், அதைப் பிடுங்குவதும், அறுப்பு நேரத்தில் போலீஸ் வேன் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. எங்கள் வேலை கருவிகளோடுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்டுக்கரை மதகு குத்தாலத்துக்குக் கிழக்கே இருந்தது. அங்கே ஆற்றுத் தண்ணீர் ஒரு தேக்கத்தில் நின்று, மேல் வாய்க்கால், கீழ் வாய்க்கால் என்று இரண்டாகப் பிரியும். மேல் வாய்க்கால் வெட்டுக்கரை மிராசுதாரின் நிலங்களுக்கு. கீழ் வாய்க்கால் கடைமடைக் கிராமமான தாழங்குடிக்கு. தாழங்குடியிலும் நிலம் பெரும்பாலும் மிராசுதாருடையதுதான். ஆனால் அங்கே உழுதவர்கள் குத்தகைப் பதிவு வாங்கியிருந்தார்கள்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இல்லை. முறை வைத்துத்தான் விட்டார்கள். மேல் வாய்க்காலின் முறை நடக்கும்போது கீழ் வாய்க்காலின் ஷட்டரை அடைத்துவிட வேண்டும். தேக்கத்தில் தண்ணீர் இரண்டு அடிக்குக் குறையக் கூடாது என்பது ஏற்பாடு. ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் மாரிமுத்து. தாழங்குடியில் பெண் எடுத்தவர்.

தேக்கத்தில் அடிக்கணக்குப் போட்ட அளவுகல் ஒன்று உண்டு. அதோடு எங்கள் துறை ஒரு மின்கருவியும் வைத்திருந்தது. தண்ணீரில் ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது ஒரு சக்கரம் சுழலும். அதற்கேற்ப ஒரு கம்பியில் போகிற வோல்ட் கூடும், குறையும். அந்தக் கம்பி சில மைல் தள்ளி இருந்த பிரிவு அலுவலகம் வரை போய் ஒரு மீட்டரில் சேரும். மீட்டரில் நூறு கோடு. எட்டு அடித் தண்ணீர் இருந்தால் முள் நூறில் நிற்கும். இடி மின்னலில் கரண்ட் தலைகீழாகத் திரும்பி மீட்டரை எரித்துவிடாமல் இருக்க, மதகில் ஒரு தகரப் பெட்டிக்குள் டையோடு ஒன்றை வைத்திருந்தார்கள். வேதாரண்யம் பக்கத்து வடிகால்களில் கடல் நீர் உள்ளே ஏறாமல் இருக்க ஒருவழிக் கதவு தொங்கும் பாருங்கள், அதைப் போலத்தான். உள்ளேயிருந்து வருகிற தண்ணீர் தள்ளினால் திறக்கும், கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும்.

மேல் வாய்க்காலின் முறை நடந்த வாரத்தில், தினமும் விடியற்காலையில் பிரிவு அலுவலகத்து மீட்டர் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றது. கணக்குப்படி அது அரை அடித் தண்ணீர் கூட இல்லை. மாரிமுத்து சொன்னதோ இரண்டு அடி. மிராசுதாரின் வயலிலும் தண்ணீர் பத்தாமல் பயிர் வாடியது. இரவில் ஷட்டரைத் தூக்கித் தாழங்குடிக்காரர்கள் தண்ணீரைத் திருடிவிட்டார்கள், லஸ்கர் உடந்தை என்று அவர் புகார் கொடுத்தார். தாழங்குடியில் மூன்று குத்தகைதாரர்களைப் பிடித்துப்போய் ஜாமீனில் விட்டார்கள். வழக்கு நிரூபணமானால் அதையே காரணமாகக் காட்டி அவர்கள் பதிவை ரத்து செய்ய மனுவும் தயாராக இருந்தது. மாரிமுத்துவைச் சஸ்பெண்ட் செய்து, மதகடிக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். தட்டுமுட்டுச் சாமானோடு அவர் மைத்துனர் வீட்டுக்குப் போனார்.

கருவியைச் சோதிக்க ஒரு பொறியாளர் போனார். அதற்குள் மேலே மழை பெய்து ஆறு நிரம்பியிருந்தது. அளவுகல்லில் எட்டு அடி. மீட்டரில் சரியாக நூறு. "கருவியில் பிழையில்லை" என்று அவர் எழுதினார். தாசில்தார் ஆபீசிலிருந்து வந்து தகரப் பெட்டிக்கு அரக்கு சீல் வைத்தார்கள். கருவி சரி என்றால் பொய் சொன்னது மனுஷன்தானே.

அந்த ரிப்போர்ட் எங்கள் பிரிவுக்கு வந்தபோதுதான் மாரிமுத்துவை நான் பார்த்தேன். எங்கள் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். துண்டைக் கையில் பிடித்திருந்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்றேன்.

"இருக்கட்டும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். கல்லுல தண்ணி ரெண்டு அடியில நின்னுச்சு. நான் எறங்கிக் கையால தொட்டுப் பாத்தேன். பாசி பிடிச்ச கோடும்மா அது, தப்பா தெரியாது. யாருகிட்ட சொன்னாலும் மிஷின் அப்படிச் சொல்லலையேங்கிறாங்க. மிஷின் கொண்டாந்து வெச்சவங்க நீங்க. அதான் இங்க வந்தேன்."

அவர் போன பிறகு அந்தக் கருவியின் படத்தை எடுத்து விரித்தேன். படத்தில் இருந்தது ஜெர்மானியம் டையோடு. அதில் வோல்ட் குறைவாகத்தான் விழும். ஆனால் ஸ்டோர் அலமாரியில் வெட்டுக்கரை என்று எழுதிப் பிரித்த ஒரு பாக்கெட் இருந்தது. உள்ளே சிலிக்கான் டையோடுகள், அதைவிட அதிக வோல்ட்டை விழுங்குகிறவை. ஒன்று குறைந்தது. முந்தைய வருஷத்து மின்னலில் பழையது எரிந்துபோக, கையில் கிடைத்ததை மாட்டி, தண்ணீர் நிறைந்திருந்தபோது முள் நூறில் நிற்கும்படி திருகித் திருத்தியிருக்கிறார்கள். மாட்டியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த வறட்சி வரும்வரை தேக்கத்தில் தண்ணீர் குறையவே இல்லை. அதனால் தண்ணீர் குறையும்போது அந்த டையோடு முள்ளை நிஜ அளவுக்கும் கீழே இழுத்துவிடும் என்று யாருக்கும் தெரியவில்லை.

யூசுப் சாரிடம் ஓடினேன். "சார், சீலை உடைச்சு, மிதவையை ரெண்டு அடிக்கு இறக்கிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"விசாரணையில இருக்கிற பொருள்ங்க. சும்மா தொட விட மாட்டாங்க. தொடறதுக்குக் காரணம் வேணும். காரணத்தை எண்ணா கொடுங்க."

சிலிக்கான் டையோடில் முக்கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக, புள்ளி ஏழு வோல்ட் விழும் என்று எல்லோரும் வைத்துக்கொள்வது வழக்கம். நானும் அப்படியே போட்டேன். தண்ணீர் எட்டு அடி இருந்தால் கம்பியில் மூன்று வோல்ட். இரண்டு அடி என்றால் முக்கால் வோல்ட். அதில் புள்ளி ஏழு போனால் மிச்சம் புள்ளி பூஜ்யம் ஐந்து. கம்பியும் ரெசிஸ்டரும் சேர்ந்து இரண்டாயிரத்து முந்நூறு ஓம். முள் நூறில் நிற்க ஒரு மில்லிஆம்பியர் வேண்டும், அந்தக் கணக்கில் இதற்கு முள் இரண்டாம் கோட்டில் நிற்க வேண்டும்.

சார் பென்சிலைக் கீழே வைத்தார். "மீட்டர் காட்டினது அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. உங்க கணக்கு ரெண்டு. டையோடு தப்புன்னு காட்டுறீங்க, சரி. ஆனா மாரிமுத்து சொன்ன ரெண்டு அடியும் தப்புன்னுதான் இது சொல்லுது. எதிர்க்கட்சி வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பார்."

அவர் சொன்னது நியாயம். அப்போதுதான் பாலிடெக்னிக் பாடம் ஞாபகம் வந்தது. புள்ளி ஏழு என்பது முள் நூறில் நிற்கும்போது விழுகிற வோல்ட். கரண்ட் குறைந்தால் அதுவும் குறையும். பாக்கெட்டில் மிச்சமிருந்த டையோடுகளை மேஜையில் வைத்து அளந்தேன். கரண்ட் பத்தில் ஒன்றாகக் குறைகிற ஒவ்வொரு முறையும் வோல்ட் புள்ளி பூஜ்யம் ஆறு குறைந்தது. பாக்கெட்டில் இருந்த எல்லாமே கூடப்பிறந்தவர்கள் போல ஒன்றாக இருந்தன.

மடக்கை எண்கள் போட்ட லாக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புள்ளி ஏழில் தொடங்கினால் முள் இரண்டு. முள் இரண்டில் நிற்கிற அளவு கரண்ட்டுக்கு டையோடில் புள்ளி ஏழு விழாது, புள்ளி ஆறுதான் விழும். அப்படியானால் முள் ஆறரை. ஆறரைக்கு விழுவது கொஞ்சம் கூடுதல். அதனால் முள் ஐந்தே காலுக்கு இறங்கும். ஐந்தே காலுக்கு மறுபடி போட்டால் ஐந்தரை. ஐந்தரைக்குப் போட்டால் ஐந்தரை. தூளியை ஆட்டிவிட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய், வீச்சு குறைந்து குறைந்து நடுவில் நிற்குமே, அப்படி நின்றது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியே புது ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் கல்லைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது உண்மை. மீட்டர் காட்டியதும் அதன் கணக்கில் உண்மைதான். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திப்போயின.

யூசுப் சார் என் தாள்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒண்ணு கேக்குறேன், வருத்தப்படக் கூடாது. உங்க அப்பா என்ன வேலை செஞ்சாருன்னு எனக்குத் தெரியும். அங்க இருக்கிறவங்களுக்கும் தெரிய வரும். முதல் எண்ணை நீங்களா வெச்சுக்கிட்டீங்க. உங்க ஆளுங்களுக்குச் சாதகமா வர்ற மாதிரி வெச்சீங்கன்னு சொன்னா, என்ன பதில் சொல்லுவீங்க?"

எனக்கு முகம் சுட்டது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"முதல் எண் எதுவா இருந்தாலும் பரவாயில்ல சார். நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"நானா?"

"மிராசுதாருக்குச் சாதகமா வேணும்னாலும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, தாளின் மேல் மூலையில் புள்ளி ஐந்து என்று எழுதித் தள்ளினார். நான் சொல்லாமல் அவரையே போட வைத்தேன். முதலில் முள் பதினொன்று வந்தது. அவர் புருவம் உயர்ந்தது. அதைத் திருத்தினார், ஐந்துக்குக் கீழே இறங்கியது. அடுத்தது ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே. அடுத்தது ஐந்தரைக்கு ஒரு நூலிழை கீழே. பிறகு எண் அசையவில்லை. அவர் லாக் புத்தகத்தை மூடினார்.

"எத்தனை தடவை போட்டாலும் இதுக்கு மேல நகராதா?"

"நகராது சார். நகர்ந்தாலும் எவ்வளவு நகரும்னு சொல்லிடலாம்."

"அப்ப இது சுமார் இல்ல" என்றார். நான் அந்தப் பிரிவில் இருந்த காலமெல்லாம் அவர் எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான்.

ரிப்போர்ட்டை அவர் பெயரிலும் என் பெயரிலும் சேர்த்துப் போட்டார். மிதவையை இரண்டு அடிக்கு இறக்கினால் முள் ஐந்தரையில் நிற்கும் என்று முன்கூட்டியே எழுதி, சீலை உடைக்க அனுமதி கேட்டார். ஆர்.டி.ஓ. சம்மதித்தார்.

சோதனை ஒரு சித்திரை மாத நண்பகலில் நடந்தது. ஆறு வற்றி, தேக்கத்தில் கணுக்கால் தண்ணீர்தான் கிடந்தது. பிரிவு அலுவலகத்தில் மீட்டருக்கு எதிரே ஆர்.டி.ஓ.வும் மிராசுதாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மீட்டர் பக்கத்தில், மதகோடு பேசுகிற வாய்க்கால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதகில் யூசுப் சார், வருவாய் ஆய்வாளர், மிராசுதாரின் காரியஸ்தர் மூவரும் இருந்தார்கள். மாரிமுத்துவையும் சாட்சியாக வரச் சொல்லியிருந்தார்கள். தாழங்குடியிலிருந்து வந்த சனங்கள் கரையில் நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மிராசுதாரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வயதானவர், மெலிந்த உடம்பு. "உக்காருங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சீலை உடைச்சாச்சு" என்று போனில் யூசுப் சார் குரல் வந்தது. "மிதவையைக் கையால எட்டு அடிக்குத் தூக்கிப் பிடிச்சிருக்கோம், இப்ப இறக்குறோம். காரியஸ்தர்தான் அளவு பாக்குறார். ரெண்டு அடி. நிறுத்தியாச்சு. என்ன காட்டுது?"

முள் நூறிலிருந்து சரிந்து வந்து நின்றது. நான் குனிந்து பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"ஏழு சார்."



மிராசுதார் தாளைத் திருப்பிப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை. "அஞ்சரைன்னு எழுதியிருக்கீங்கம்மா. ஏழு காட்டுதே."

ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார். வீட்டில் அப்பா, இந்தச் சாட்சிக்குப் போக வேண்டாம், பெரியவங்க விவகாரம் என்று சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அவர் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. கணக்கில் எங்கே பிசகு என்று மனம் எண்களைப் புரட்டியது.

போனில் சார் குரல் மறுபடி வந்தது. மெதுவாகத்தான் பேசினார். "செல்வராணி, போனை வெச்சுடாதீங்க. பெட்டியைத் தொட்டேன், கை வைக்க முடியலை. தகரம், உச்சி வெயில். மீட்டர் பாத்தது எல்லாம் விடியக்காலையில. நாம மேஜையில அளந்தது ஃபேனுக்கடியில."

சட்டென்று புரிந்தது. டையோடு சூடானால் அதில் விழுகிற வோல்ட் குறையும். வோல்ட் குறைந்தால் முள் ஏறும். ஆர்.டி.ஓ.விடம் அதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. "மிதவையைத் தொடாம பெட்டியை மட்டும் குளிர வைக்க அனுமதி கொடுங்க" என்று மட்டும் கேட்டது நினைவிருக்கிறது. அவர் தலையசைத்தார்.

போன் வழியே எனக்கு எல்லாம் கேட்டது. "மாரிமுத்து, ஒரு சாக்கு கிடைக்குமா?" என்றார் யூசுப் சார். யாரோ படியில் இறங்குகிற சத்தம். தண்ணீரில் சாக்கை முக்கி எடுக்கிற சத்தம். ஆற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தச் சாக்கைப் பெட்டியின் மேல் போர்த்தினார்கள்.

இங்கே முள் அசையாமல் இருப்பது போல இருந்தது. பிறகு பார்த்தால் ஆறரைக்கு வந்திருந்தது. மறுபடி சாக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். முள் ஆறைக் கடந்தது. மிராசுதார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முள் ஐந்துக்கும் ஆறுக்கும் சரிநடுவில் வந்து நின்றது. அதன்பின் எவ்வளவு நேரம் பார்த்தும் அசையவில்லை.

ஆர்.டி.ஓ. என் கையிலிருந்து போனை வாங்கினார். "காரியஸ்தரைப் பேசச் சொல்லுங்க. யாராவது மிதவையைத் தொட்டாங்களா?"

காரியஸ்தர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "இல்லீங்க ஐயா. நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன். சாக்குதான் போட்டாங்க. மிதவை ரெண்டு அடியில அப்படியே இருக்குதுங்க."

மிராசுதார் நெடுநேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் பயிருக்கு வரவேண்டிய தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டார். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வந்ததே அவ்வளவுதாங்க ஐயா" என்றார் ஆர்.டி.ஓ. "அவங்க பயிரும்தான் காஞ்சுது."

திருட்டு வழக்கு தள்ளுபடியானது. குத்தகைப் பதிவை ரத்து செய்யும் மனு அதோடு நிற்கவில்லை, வேறு வேறு காரணங்களைச் சொல்லி வருஷக்கணக்கில் இழுத்தது. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் கடைசிவரை நிலத்தில் உழுதார்கள். ஒருவர் அலைச்சல் தாங்காமல் விட்டுக்கொடுத்துவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். ஒரு முள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் அப்போது நம்பியிருந்தேன். அது செய்தது அதன் பங்கை மட்டும்தான்.

சில மாதங்களில் யூசுப் சாரை வேதாரண்யத்துக்கு மாற்றினார்கள். இந்த விசாரணைதான் காரணம் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அவரிடம் கேட்டபோது, "உப்புக் காத்து உடம்புக்கு நல்லதாம்" என்றார். பென்சில்களை ஒரு சிகரெட் டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டார். பஸ் ஏறும் முன், வெட்டுக்கரை மீட்டருக்கு, முள்ளுக்கு அடியில் கோடுகள் போட்ட புது முகத்தாள் ஒன்று வரைந்துவிடச் சொன்னார். "டையோடை மாத்த வேணாம். அது அதோட இயல்புல இருக்கட்டும். கோட்டை அதுக்கேத்த மாதிரி போடுங்க. சாயங்காலம், விடியக்காலைன்னு எப்ப பாக்கணும்ங்கிறதையும் அதுலயே எழுதிடுங்க."

ஒவ்வோர் அரை அடிக்கும் கணக்கிட்டேன். தண்ணீர் நிறைந்த பக்கம் இரண்டு மூன்று சுற்றிலேயே எண் நின்றுவிடும். குறைந்த பக்கம்தான் ஆட்டம் அதிகம். மேலே இடைவெளி விட்டும் கீழே நெருக்கியும் கோடுகள் விழுந்தன. பென்சிலில் வரைந்த தாளை எடுத்துக்கொண்டு ஒரு நாள் விடியற்காலையில் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். மதகில் மாரிமுத்து இருந்தார். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது. மதகடிக் குடியிருப்பும்தான். கொண்டுவந்த சாமானெல்லாம் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது என்று அவர் போனில் சொன்னார்.

அவர் மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்து, எட்டு அடியிலிருந்து இறக்கிக்கொண்டே வந்து, அளவைக் கல்லோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் முள் நிற்கிற இடத்தைப் பென்சில் கோட்டோடு சரிபார்த்து, மையில் வரைய வேண்டும். அதுதான் வேலை.

"எட்டு அடிங்கம்மா."

"ஆச்சுண்ணே."

"ஏழரை."

இப்படியே இறங்கி வந்தோம். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வோர் அளவையும் சொல்லிவிட்டு, நான் ஆச்சு என்று சொல்லும்வரை காத்திருந்தார். மூன்றடி ஆனது, இரண்டரை ஆனது. அதற்கடுத்து அவர் குரல் வரவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் போனில் கேட்டது.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. ரெண்டு அடி. கல்லுல கை வெச்சுக்கிட்டுதான் சொல்றேன்."

முள் என் பென்சில் கோட்டின் மேல் நின்றிருந்தது. பேனாவை மையில் தொட்டேன்.

"கொஞ்சம் அழுத்திப் போடுங்கம்மா" என்றார்.

அழுத்தித்தான் போட்டேன்.